நீல மூடிக் குழாய்

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து மறுபடியும் தேடினேன். கொத்து எங்கேயும் இல்லை.

எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. மாலை நேர லேப் வகுப்பில் ஒரு பருவம்கூட இன்னும் முடியவில்லை.

ஸ்லைடின் ஓரத்திலிருந்து தொடங்கி, வயலை உழுவதுபோல் வரிவரியாக நகர்த்தினேன். திருகைத் திருப்பும்போதெல்லாம் முழங்கையின் உள்மடிப்பில் சுருக்கென்றது.

காலையில் இதே லேபில், எங்கள் ஆசிரியை என் அக்காவிடம் ரத்தம் எடுத்தார். ஊதா மூடிக் குழாய். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் எண்ணிக்கை பயமுறுத்தும் அளவுக்குக் குறைந்திருந்தது.

"பயப்படாதே" என்றார் ஆசிரியை. சிலருக்கு ஊதாக் குழாயின் மருந்து பட்டதும் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளுமாம். மெஷினுக்குக் கொத்தை எண்ணத் தெரியாதாம். நீல மூடிக் குழாயில் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

அதிலும் குறைந்திருந்தால், எலும்பு மஜ்ஜையைப் பார்க்க வேண்டும். இதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அக்கா நர்ஸ். நாளைக்குக் கப்பலில் வேலைக்குப் புறப்படுகிறாள். பல மாதம் தண்ணீரிலேயே இருக்கவேண்டும். இந்த மருத்துவச் சான்று ஒன்றுதான் பாக்கி.

நீலக் குழாயை அவளே நிரப்பி, பெயரும் ஒட்டிக் கொண்டுவந்தாள். நான் எடுக்கிறேன் என்றதற்குச் சிரித்தாள்.

"உன்கிட்ட கைய நீட்டினா இருக்கிற ரத்தமும் போயிடும்டி."

நீலக் குழாயில் எண்ணிக்கை நிறைவாக இருந்தது. வராந்தாவில், அக்காவுக்குத் துணையாக வந்த மாமா ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, மெஷினைத் திட்டித் திட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கொத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நேரில் ஒருமுறை பார்த்துவிடும் ஆசையில்தான், காலையில் எடுத்த ஊதாக் குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடு போட்டேன்.

கடைசி வரியும் முடிந்தது. எங்கோ ஒரு பிளேட்லெட், வெகுதூரம் தள்ளி இன்னொன்று. எதுவும் எதோடும் ஒட்டவில்லை.

கொத்து இல்லையென்றால், காலையில் மெஷின் எண்ணியது சரி.

அப்படியானால் நீலக் குழாயில் இருப்பது அக்காவின் ரத்தம் இல்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

அக்கா. ஒரு முழங்கையில் காலையில் குத்திய இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகப் பரவியிருந்தது. மற்ற கையில் ஒரு புள்ளிகூட இல்லை.

வராந்தாவில் மாமா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஸ்லைடை எடுத்து, துடைத்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு என் சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றினாள். வலிக்காமல் ரத்தம் எடுப்பது எப்படி என்று மத்தியானம் என் கையிலேயே செய்துகாட்டிவிட்டு, அவள் வைத்து ஒட்டிய பஞ்சு அங்கே இருந்தது.

அதைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இன்னும் வலிக்குதாடி?"