மிஞ்சிய காய்

"படிக்கட்டை எதுக்குக் கட்டி வச்சிருக்கு? ஏறத்தானே? லிஃப்ட் கேக்குதாம், லிஃப்ட்!"

ஒன்பதாவது மாடிக்காரர் போட்ட சத்தத்தில் கூட்ட அறையே அதிர்ந்தது. அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் பெண்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி.

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்த பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது. அவள் வேலை செய்வது இந்த மனுஷன் வீட்டில்தான்.

மாடிக்கு ஒரு வீடு, மொத்தம் ஒன்பது வீடு. வேலைக்காரர்களுக்கென்று பின்பக்கம் ஒரு லிஃப்ட் இருந்தது. அது பழுதாகி மாதக்கணக்காகிறது. முன்பக்க லிஃப்ட்டில் வீட்டுக்காரர்களும் அவர்களுடைய நாய்களும் மட்டும்தான் போகலாம்.

ஏறி இறங்கி பெரியக்காவின் முட்டி வீங்கிப்போனது. "இனிமே படி ஏறினீங்கன்னா, அப்புறம் நடக்கறதே கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். லிஃப்ட் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

அதனால்தான் பெண்கள் எல்லோரும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் காலையிலிருந்து லிஃப்ட் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டு சிங்க்கிலும் பாத்திரம் மலையாகக் குவிந்தது. சமத்துவம் எவ்வளவு அவசரமான விஷயம் என்று அப்போதுதான் வீட்டுக்காரர்களுக்கு உறைத்தது. உடனே கூட்டம் போட்டார்கள்.

சிடுமூஞ்சியைத் தவிர மற்றவர்கள் பேசியதைக் கேட்டால் கல்லும் கரையும்.

"ஒரே கட்டடத்துல ஏழைக்கு ஒரு வழி, பணக்காரனுக்கு ஒரு வழியா? நினைச்சா எனக்குத் தூக்கமே வரலை" என்றார் மூன்றாவது மாடி அம்மா. ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். காலையில் பெண்களோடு தரையில் உட்கார்ந்து போட்டோகூட எடுத்துக்கொண்டார். எழுந்ததும் துணியை நன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அவங்களும் நம்ம குடும்பம்தானே!" என்றார் ஐந்தாவது மாடி வக்கீல். குடும்பத்து ஆளின் பெயர் அவருக்கு இன்னும் தெரியாது.

சிடுமூஞ்சி மட்டும் முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"மனஸ்தாபம் வேண்டாம். ரகசியமா ஓட்டுப் போட்டுடலாம்" என்றார் சங்கச் செயலாளர். ஏனோ எல்லோரும் சட்டென்று தலையாட்டினார்கள்.

அந்தச் சங்கத்தில் ஓட்டு என்றால் கேரம் காய்தான். வீட்டுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. வேலை செய்யும் பெண்கள் முன்பக்க லிஃப்ட்டில் போகச் சம்மதமென்றால் வெள்ளையைப் பையில் போட வேண்டும். சம்மதமில்லை என்றால் கறுப்பு. மிஞ்சிய காயைக் கைக்குள் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

பையைக் கவிழ்த்தார்கள். எட்டுக் கறுப்பு. ஒரே ஒரு வெள்ளை.

"அடப்பாவமே!" என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

மறுநாள் பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

கேட்டில் வாட்ச்மேன் சொன்னார்: "கேரம் காயெல்லாம் வீட்டுக்கு வீடு கிடக்குதாம். செயலாளர் வீட்டுப் பிள்ளைங்க விளையாடணுமாம். வரும்போது ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்து பெட்டியில போட்டுடுங்க."

பெரியக்கா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஒன்பதாவது மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

"வந்ததும் வராததுமா புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்காதே. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது" என்று எரிந்து விழுந்தார் சிடுமூஞ்சி. "அந்த நாற்காலியில உட்காரு. சத்தம் நின்னப்புறம் வேலையைப் பாரு."

இந்த வீட்டில் மூச்சு விடுவதற்கும் தடையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது காயைக் கேட்டாள். பழைய செய்தித்தாளில் பொட்டலமாகச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வழியில பிரிச்சுப் பாத்துக்கிட்டு நிக்காதே. நேரா கொண்டு போய்ப் பெட்டியில போடு."

"பாக்கறதுக்கு இதுல என்னங்க ஐயா இருக்கு? அதான் கூட்டத்துலயே சொல்லிட்டீங்களே" என்றாள் பெரியக்கா. அவர் கதவைப் படாரென்று சாத்தினார்.

கீழே கேரம் பெட்டியைச் சுற்றி மற்ற பெண்கள் நின்றிருந்தார்கள்.

"எங்க அம்மா தங்கமானவங்கக்கா. அந்த ஒரு வெள்ளை அவங்க போட்டதாம். கண்ணு கலங்கிச் சொன்னாங்க" என்றாள் மூன்றாவது மாடியில் வேலை செய்பவள்.

"ஏய், அது எங்க வக்கீல் ஐயா போட்டதுடி!"

"யாரு சொன்னா? எங்க வீட்டுல சத்தியமே பண்ணினாங்க!"

இப்படியே எட்டுப் பேரும் ஆளுக்கொரு வள்ளலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"இருங்கடி. முதல்ல காயைக் காட்டுங்க" என்றாள் பெரியக்கா.

எட்டுக் கைகளும் விரிந்தன. எட்டிலும் வெள்ளை.

வெள்ளையைப் பையில் போட்டிருந்தால் கையில் கறுப்புதானே மிஞ்ச வேண்டும்? அவ்வளவு படித்தவர்களுக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், வேலைக்காரிக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

"கூட உட்கார்ந்து போட்டோ வேற எடுத்தாங்களே!" என்று பல்லைக் கடித்தாள் மூன்றாவது மாடியில் வேலை செய்பவள். "வாங்க, மறுபடியும் லிஃப்ட் வாசல்லயே உட்காருவோம். இந்தக் காயையெல்லாம் முன்னால வரிசையா வச்சுக்கிட்டு உட்காருவோம். வர்றவங்க போறவங்க பாக்கட்டும்."

வரிசையாக வைத்தார்கள்.

"பெரியக்கா, உங்க சிடுமூஞ்சி வெள்ளையையும் கடைசியில வைங்க. அந்த ஆளாவது மூஞ்சிக்கு நேரா சொன்னாரு."

பெரியக்கா பொட்டலத்தைப் பிரித்தாள்.

உள்ளே இருந்தது கறுப்பு.