மூன்றாவது கவுன்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டி வைத்திருக்கிறது. மகள் பழைய புகைப்படங்களை மடியில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். எல்லாவற்றிலும் அம்மா தையல் மெஷினில் குனிந்திருக்கிறாள். பின்னால் கொடியில் ஒரே பூப்போட்ட துணியில் மூன்று கவுன்கள். ஒன்று இவளுடையது, ஒன்று தங்கையுடையது. மூன்றாவது, இவளுக்கு முன்னால் பிறந்து மூன்றாம் நாளே போய்விட்ட அக்காவுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறாள். ஆனால் வருஷத்துக்கு வருஷம் அந்தக் கவுனும் நீண்டுகொண்டே போகிறது. ஒரு படத்தில் அதன் ஓரம் கிழிந்து ஒட்டுப் போட்டிருக்கிறது. யாரும் போடாத கவுன் எப்படிக் கிழியும்? “அம்மா, இதுக்கு அளவு எப்படி எடுத்தே?” கட்டிலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும் அம்மா தலை நிமிராமலே சொல்கிறாள்: “எப்படின்னா? வந்து நிப்பா, எடுப்பேன். உங்க ரெண்டு பேரை மாதிரி நெளியமாட்டா.” மகள் சிரிக்கப் பார்க்கிறாள், உதடு ஒத்துழைக்கவில்லை. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, முதல் முறையாக நிமிர்ந்து, மகளின் தோளுக்குப் பின்னால் பார்க்கிறாள். “கொஞ்சம் நகர்ந்து உட்காரு. எவ்வளவு நேரந்தான் அவ நிப்பா?” மகள் திரும்பிப் பார்க்கவில்லை. நகர்ந்து உட்காருகிறாள்.