தோளில் ஒட்டிய மருந்து

1998. சேலையூரில் கரண்ட் போன மத்தியானம். ஜன்னல் வெளிச்சம், கட்டிலில் கிடக்கும் ஹில்டாவின் தோளில் விழுகிறது. புற்றுநோய் வலிக்காக டாக்டர் நேற்று ஒட்டிய மருந்துப் பிளாஸ்திரி அங்கே கண்ணாடிக் காகிதம்போல மினுங்குகிறது. பல நாளுக்குப் பிறகு இன்றுதான் அவளிடம் முனகல் இல்லை. நாத்தனார் ரத்தினபாய், தோசைக்கல்லில் சுட வைத்த துணிச்சுருளோடு வருகிறாள். பிளாஸ்திரி போட்ட இடம்தானே வலிக்கிற இடம்? ஒத்தடம் தோளை நோக்கி இறங்குகிறது. இன்னும் ஒரு ஜாண். "அக்கா, வைக்காதே!" வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஹில்டாவின் கணவன் லாசரஸ், ஒற்றைச் செருப்போடு பாய்ந்து அக்காவின் கையைப் பிடிக்கிறான். "சூடு பட்டா மருந்து மொத்தமா உள்ளே இறங்கிடும். மூச்சே நின்னுடும்னார் டாக்டர்." "இயேசப்பா! வலி இடுப்புல, ஒட்டுறது தோள்லயா? நான் இன்னாடா கண்டேன்?" ரத்தினபாய் சுவரோடு ஒண்டிக்கொள்கிறாள். ஹில்டா கண்ணைத் திறக்காமலே சிரிக்கிறாள். "என்னைத் தொடவே கூடாதுன்னா டாக்டர் சொன்னார்? இடுப்புல வைங்க அண்ணி, ஆறிடப் போவுது." ரத்தினபாய் தயங்கித் தயங்கி இடுப்பில் ஒற்றுகிறாள். கண்கள் மட்டும், ஹில்டாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைவிட்டு அகலவில்லை.