புது ஒயர்

கூடத்துச் சுவரை வரதராஜன் உளியால் கொத்துகிறான். தொட்டாலே ஷாக் அடித்த பழைய ஒயர் செங்கல் தூளோடு வெளியே வருகிறது. அவனோடு ஐயம்பேட்டையில் ஒன்றாகப் படித்த கமலவேணி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “வரதா, கண்ணுல தூள் விழப்போவுது, பாத்துப்பா” என்று சிரிக்கிறாள். தறியில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவன் பஞ்சாட்சரத்தின் கை அப்படியே நின்றுவிடுகிறது. கல்யாணமாகி ஆறு வருஷமாக அவளுக்கு அவன் வெறும் ‘இந்தாங்க’தான். ஓர் ஆணின் பெயர் அவள் வாயில் இத்தனை சுலபமாக வருமென்று இன்றுதான் தெரிகிறது. வரதராஜன் புது ஒயரை இணைத்து சுவிட்சைப் போடுகிறான். பல்பு எரிகிறது, தறியின் பாவு நூலில் ஓடும் ஜரிகை மின்னுகிறது. “வெளிச்சம் நல்லா இருக்குதுங்களா?” என்று கமலவேணி ஆசையாகக் கணவனைக் கேட்கிறாள். “கண்ணு கூசுது” என்று எழுந்து வந்து பஞ்சாட்சரம் விளக்கை அணைக்கிறான்.