நாற்பது சட்டைகள்

"அங்க என் பொண்டாட்டி மொட்டை மாடியில நிக்கிறா. நீங்க இங்க சட்டை காயப் போட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

மனு எழுதுகிறவர் ராணுவ முகாமின் இரும்புக் கேட்டைப் பிடித்து உலுக்கினார். உள்ளே நீளமான கொடியில் நாற்பது பச்சைச் சட்டைகள் காற்றில் கை வீசிக்கொண்டிருந்தன.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற வயதான சார்ஜென்ட் அசையவில்லை. ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தொந்தி'.

"படகு இல்லீங்க ஐயா."

"இல்லையா? போன வெள்ளத்துல எட்டுப் படகை இதே கண்ணால பார்த்தேன்!"

"இப்ப இல்லீங்க."

"சரி, ஆளு?"

தொந்தி கேட்டின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

மேலே எங்கேயோ மலையில் கொட்டிய மழை. இங்கே சுள்ளென்று வெயில். ஆறு மட்டும் பாலத்துக்கு மேல் ஏறி ஓடியது. தீயணைப்பு வண்டி இக்கரையிலேயே நின்றுவிட்டது. அக்கரையில் அவர் வீடு. மனைவி போனில் சொன்னபடி, தண்ணீர் காலையில் வாசற்படி, ஒன்பது மணிக்கு ஜன்னல், இப்போது மாடிப்படியில் பாதி. அவர் மனைவியோடு பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டும் மாடியில்.

"தின்னு தின்னு தூங்குங்கய்யா! எங்க வரிப்பணத்துல நல்லா வளர்த்து வெச்சிருக்கோம் தொந்தியை!"

பழக்க தோஷம், மனு எழுதுகிறவர் வருகிற வழியில் தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் தன் மேஜையில் உட்கார்ந்து ஒரு மனுவைத் தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டுக் கொண்டு வந்திருந்தார். அதைக் கம்பி வழியாக நீட்டினார். தொந்தி வாங்கிப் படித்தார். கடைசி வரியில் இருந்த பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

என்ன நினைத்தாரோ, சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்துவிட்டார்.

மனு எழுதுகிறவர் நேராகப் படுக்கைக் கூடத்துக்குள் ஓடினார். "எழுந்திருங்கடா! மனுஷங்க சாகப் போறாங்கடா!"

குரல் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

நாற்பது கட்டில். நாற்பது போர்வை, மடிப்புக் கலையாமல். தலையணைகளில் விரல் வைத்தால் பதியும் அளவுக்குத் தூசி. மூலையில் ஒரு ரேடியோ யாருக்காகவோ பாடிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சமையலறையில் ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"எங்கய்யா எல்லாரும்?"

"போயிட்டாங்க. முதல்ல கடல் தாண்டி ஒரு நாட்டுக்கு. ஆறே வாரத்துல முடிச்சிடலாம்னாங்க, ரெண்டு வருஷமாச்சு. அந்தச் சண்டை பக்கத்து நாட்டுல பத்திக்கிச்சு, அங்க ஒரு கூட்டம். இவங்களுக்குச் சோறு போற பாதையைக் காக்க இன்னொரு கூட்டம். ஒரே வேட்டியைக் கிழிச்சு ஒன்பது பேருக்குக் கோவணம் கட்டிவிட்டு, கிழிச்சவன் அம்மணமா நிக்கிற கதைதான்."

"படகு?"

"அங்கயும் ஆறு இருக்காம்."

"அப்ப இந்தச் சட்டையெல்லாம்?"

"தினம் நான்தான் நனைச்சுப் போடுறேன். பொழுது சாஞ்சா எல்லா ரூம்லயும் லைட்டுப் போடுறேன். ஆள் இல்லாதது வெளிய தெரியக் கூடாதுன்னு உத்தரவு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் மோப்பம் பிடிச்சான்னா என்ன ஆகும் ஐயா?"

"இவ்வளவு பெரிய ஊருக்கு... நீங்க ஒருத்தர்தானா?"

"முட்டி தேஞ்சு போச்சு. இல்லேன்னா என்னையும் அள்ளிட்டுப் போயிருப்பாங்க."

"எந்த மடையன்யா இப்படி அனுப்பினான்? ஆறு பெருகினா யாரு வருவான்னு யோசிக்க வேணாம்?"

"யோசிச்சாங்க. யார் போனாலும் ஆத்துக்குன்னு நாற்பது பேரும் எட்டுப் படகும் இங்கயே இருக்கணும்னு எங்க அதிகாரி ஒத்தைக்கால்ல நின்னார். மேலிடமும் சரின்னுச்சு. மூணு மாசம் முன்னாடிதான் மனசு மாறிடுச்சு."

"ஏன்?"

தொந்தி அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, அவர் கையில் வைத்தார். வைத்துவிட்டு வெளியே போய், கொடிக்கயிற்றை அவிழ்த்து இரண்டு காலிப் பீப்பாய்களைத் தெப்பமாகச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

அறுநூறு கையெழுத்து. முதல் கையெழுத்து அவருடையது. அதற்கு மேலே:

'அயல் மண்ணில் நம் வீரர்கள் குருதி சிந்தும் வேளையில், இம்முகாமில் நாற்பது பேர் உண்டு உறங்கிப் பொழுது கழிப்பது இவ்வூருக்கே இழுக்கு என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன்...'

'இழுக்கு' என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. படித்துக் காட்டியதும் ஊரே கை தட்டியது. அப்புறம் எத்தனையோ மனு எழுதியாகிவிட்டது. இதை மறந்தே போயிருந்தார்.

குறுக்கே சிவப்பு மையில்: 'ஏற்கப்பட்டது. உடனே அனுப்புக.'

இருபத்தாறு வருஷத்தில் அவர் எழுதிய எந்த மனுவுக்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. பின்னால் குழந்தைகள் அழும் சத்தம்.

"என்னங்க, தண்ணி மேல்படிக்கு வந்திடுச்சு. பட்டாளத்துக்காரங்க கிளம்பிட்டாங்களா இல்லியா?"

அவர் நாற்பது கட்டில்களையும் பார்த்தார்.

"கிளம்பிட்டாங்கம்மா... நான்தான் அனுப்பி வெச்சேன்."