கணக்கெடுப்பு டீச்சர் வருவதற்குள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, சாரம் என்ற பேட்டையில் இருந்த அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர்: ஆலை மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற காத்தவராயன், அவருடைய மூத்த மகன் ஹரிகிருஷ்ணன், மூத்த மருமகள் சிவசங்கரி. இளைய மகன் செம்மல் வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி தையல்நாயகியை எட்டே முக்காலுக்குப் பிறகு தெருவில் யாரும் பார்க்கவில்லை.

மணி ஒன்பதே கால். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்னேற்பாடாக வீடு வீடாகப் பட்டியல் எடுத்துவந்த டீச்சரின் குடை பத்து வீடு தள்ளித் தெரிந்தது.

"மாடியில இருக்கிறத இப்பவே அப்புறப்படுத்தணும். அந்தம்மா கண்ணுல பட்டுச்சுன்னா, நாப்பது வருஷமா காப்பாத்தின மானம் சர்க்கார் பதிவுலயே கப்பலேறிடும்" என்றார் காத்தவராயன். அந்த அவசரத்திலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

மூவரும் மாடிக்கு ஓடினார்கள். ஹரிகிருஷ்ணன் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான்.

"இன்னும் சூடு ஆறலப்பா."

"ஆறட்டும்னு உக்காந்திருப்பியா? ஜமுக்காளத்துல சுத்து."

சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். இறக்கும்போது ஒரு முனை நழுவி, நாலு படிக்குத் தட் தட்டென்று இடித்தது. சிவசங்கரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்னா கனம். நாத்தம் வேற வருது மாமா. ஊதுபத்தி கொளுத்தவா?"

"கொளுத்துவ, கொளுத்துவ. சும்மா கெட."

மூட்டை தோட்டத்துக் குளியலறைக்குள் போவதைப் பக்கத்து வீட்டு அங்கம்மாள் கண்கொட்டாமல் பார்த்தாள்.

தெருக்காரர்களை அறிந்த டீச்சர் வந்து கைப்பேசியைத் திறந்தார். "எத்தினி பேருங்க ஐயா?"

"அஞ்சு பேரும்மா."

"சின்ன மருமகளக் காணுமே?"

"வீராம்பட்டினம், அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கு."

"எல்லாரும் ஒரே குடும்பந்தானா?"

"அதுல என்னம்மா சந்தேகம்?"

டீச்சர் மாடிவரை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, எதையோ பதிந்துகொண்டு கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியதும், யார் கல்யாணத்திலும் ஆடியறியாத காத்தவராயன் கூடத்தில் ஒரு குதி குதித்தார்.

அங்கம்மாள் வாயிலிருந்து சாயங்காலத்துக்குள் சாரம் முழுக்கப் பரவிய செய்தி தவறு. ஜமுக்காளத்தில் கட்டி இறக்கியது தையல்நாயகியை அல்ல. கணக்கெடுப்பில் சமையல் தனியென்றால் குடும்பமும் தனியென்றுதான் எழுதுவார்கள் என்பதால், ஆறு மாதமாக அவள் மாடியில் தனியாகப் பொங்கிவந்த கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும்தான்.