மணிச்சத்தம் எட்டாத தூரம்

அருங்காட்சியகத்தில் இரண்டு பிள்ளைகளை எவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடியும், சொல்லுங்கள்?

வினோலியாவுக்குச் சாயங்காலம் வரைக்கும் தேவைப்பட்டது.

அவள் புருஷன் சிலுவையின் படகு நடுக்கடலில் கவிழ்ந்து கிடந்ததை முந்தின நாள் பார்த்திருந்தார்கள். ஆளை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். உயிரில்லாமல் கிடைத்தால் ஊர்க் கோயிலில் துக்க மணி அடிப்பார்கள். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்பா தூத்துக்குடியில் கரையேறியிருக்கிறார், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லி, பஸ் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்துவிட்டாள். அருங்காட்சியகம் ஒரு பழைய பங்களா. உள்ளே அந்தக் காலத்து அலங்காரச் சாமான்கள்.

தகவல் தெரிந்தால் அவள் அண்ணன் ஜேக்கப் போனில் கூப்பிடுவான்.

போன் மூத்தவன் எட்வின் கையில் இருந்தது.

"போட்டோ எடுக்கேன்ம்மா" என்று வாங்கியவன் திருப்பித் தருகிற பாடில்லை. கண்ணாடி விளக்கு, செதுக்கின கட்டில், பூப்போட்ட பீங்கான் தட்டு, ஒன்றையும் விடவில்லை. பிடுங்கினால் ஏனென்று கேட்பான். கேட்டால் அங்கேயே உடைந்துவிடுவாள். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவன் பின்னாலேயே நடந்தாள்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்று போனோடு வெளியே போனான். ஆளைக் காணோம்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் ஜாய்சி, சட்டத்தில் தொங்கின வெண்கல மணியின் நாக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

கூடம் அதிர்ந்தது.

"ஏட்டி! கைய எடுட்டி!"

அம்மா போட்ட சத்தத்தில் ஜாய்சிக்கு உதடு பிதுங்கியது. காவலாளி ஓடி வந்தார்.

"ஏம்மா, பூசைக்கா நேரமாச்சு? பிள்ளையப் பிடிங்க."

வாசலிலிருந்து எட்வின் பாய்ந்து வந்தான். மணியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். சத்தம் அடங்கின பிறகும் விடவில்லை. முகம் கழுவியிருந்தான். சட்டையின் முன்பக்கமெல்லாம் ஈரம்.

"எலே, மாமா கூப்பிட்டாவளா?"

அவன் போனைக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினான்.

"இன்னும் மாடி பாக்கலயேம்மா. அதையும் பாத்துட்டுப் போவோம்."

வினோலியா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு ஜாய்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

மறுநாள் காலை, பூசை முடிந்து சிலுவையை அடக்கம் செய்தார்கள்.